கழித்த எடை

கருப்பட்டிக்கு எத்தனை பாயிண்ட் என்று பெனிட்டா நேற்றே எடைக்குறைப்புச் செயலியில் தேடிப் பார்த்துவிட்டாள். சீனிக்கு இருந்தது, வெல்லத்துக்கு இருந்தது, எந்த நாட்டிலோ மரத்திலிருந்து எடுக்கிற பாகுக்குக்கூட இருந்தது, கருப்பட்டிக்கு மட்டும் இல்லை. சரி, வெல்லம் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு கடிக்கு இரண்டு, மாமி ஊட்டுகிற கடி என்றைக்குமே பெரிய கடிதான், ஆகவே மூன்று என்று போட்டு, அந்த மூன்றுக்காகக் காலை இட்லியை விட்டுவிட்டு வந்திருந்தாள். இப்போது கடற்கரை அந்தோணியார் கோயில் மண்டபத்தில், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், ஆறு மாதத்துப் பிள்ளை ஆன்சலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கையில், பசியில் காதுக்குள் வண்டு ஒன்று சுற்றுவதுபோல் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. வரிசையின் முனையில் உத்தரத்திலிருந்து தராசு தொங்கியது. கயிற்றில் கட்டிய இரண்டு பலகைத் தட்டு. ஒன்றில் பிள்ளை, மற்றதில் நேர்ந்துகொண்ட பொருள். வாழைக்குலையோ உப்போ சீனியோ, அவரவர் சொல்லிக்கொண்டபடி. தட்டு இரண்டும் சமமாக நின்றதும் கூட்டம் கைதட்டும். அந்தக் காணிக்கையிலிருந்து முதல் கடி தாய்க்கு. தாய் தின்ற பிறகுதான் பிள்ளையின் வாயில் முதல் சோறு. மாமி நேர்ந்துகொண்டது கருப்பட்டி. பிறந்த மூன்றாம் நாள் பிள்ளை மஞ்சள் பூத்து நீல விளக்குப் பெட்டிக்குள் கிடந்தபோது, மாமி சலேத்தம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று, நர்சுகள் திரும்பிப் பார்க்கிற குரலில் அந்தோணியாரிடம் பேரம் பேசினாள், பேரனைத் திருப்பிக் கொடு, எடைக்கு எடை போடுகிறேன் என்று. அந்தக் கருப்பட்டி இப்போது இரண்டு ஓலைப்பெட்டிகளில் மாமியின் காலடியில் இருந்தது. ஏழேகால் கிலோ. பிள்ளை ஏழேகால் என்று சொன்னவள் பெனிட்டா. பிள்ளை ஏழேகால் இல்லை. அது இந்த மண்டபத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். முன்னால் நிற்கிற நாலைந்து பிள்ளைகள் போய்விட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

திரும்பிப் போய்விடலாம். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று சொல்லலாம். எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை. ஆனால் தலை சுற்றுகிறது என்றால் மாமி உடனே பையைத் துழாவிப் பனங்கற்கண்டை எடுத்து வாயில் போட்டுவிடுவாள், பனங்கற்கண்டுக்கு என்ன எண்ணோ. இப்படித்தான். எதை நினைத்தாலும் அது சுற்றி வளைத்து வாய்க்கு வந்தது, வாய்க்கு வந்தால் எண்ணுக்கு வந்தது. முன்னால் நிற்கிற பெண்ணின் கையில் பொரிகடலைப் பொட்டலம், ஒரு பிடி இரண்டு. தூணோரம் அந்தோணியார் ரொட்டி கொடுக்கிறார்கள், ஒன்று நான்கு, பட்டர் தடவியிருந்தால் ஐந்து. அந்தப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கும் சேலைக்கும் நடுவில் பிதுங்குகிற சதை, அது எத்தனை நாளைய மீறல் என்றுகூட ஒரு கணக்கு உள்ளே ஓடியது. அவள் திரும்பி ஆன்சலின் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தபோது பெனிட்டாவுக்கு முகம் காந்தியது. மனிதர்களை இப்படிப் பார்க்க எப்போது பழகினோம்? அந்தப் பெண்ணின் பிள்ளை கொழுகொழு என்று, மணிக்கட்டில் நூல் கட்டியதுபோல மடிப்பு விழுந்து, அம்மாவின் தோளில் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தது. ஆன்சலின் மணிக்கட்டில் மடிப்பு இருந்தது. தடுப்பூசிக்குப் போன அன்று இருந்தது. எப்போது போயிற்று? தினமும் குளிப்பாட்டித் துடைக்கிற கைதான், அந்தக் கைக்கு ஏன் தெரியவில்லை? மாமிகூட நீளவாக்கில் வளர்கிறான், எங்க கிளாட்வினும் இப்படித்தான் என்றாள். அது போதுமாக இருந்தது. யாராவது ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதற்குள் போய் ஒளிந்துகொள்வது அவளுக்கு எப்போதும் சுலபம்.

கப்பலில் வேலை பார்க்கிற கணவன் கிளாட்வின் சொன்னதற்குள் மட்டும் ஒளிய முடியவில்லை. ஞானஸ்நானம் முடிந்த வாரம், எந்தத் துறைமுகத்திலோ கப்பல் நின்று சிக்னல் கிடைத்த நேரத்தில், வீடியோவில் சிரித்துக்கொண்டே சொன்னான், போனைத் தள்ளிப் பிடி பெனி, நீ பாதிதான் தெரியுத என்று. அவ்வளவுதான். அவனுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒருவர் சிரித்தார். அவன் மறந்தே போயிருப்பான். அவளுக்கு அந்த யாரோ ஒருவரின் சிரிப்பு குளியலறைக் கண்ணாடியில், நைட்டியின் தையலில், மாடிப்படி ஏறும்போது தொடையும் தொடையும் உரசுகிற சத்தத்தில் எல்லாம் கேட்டது. கூடப் படித்த ஒருத்தி அனுப்பிய இணைப்பில்தான் எடை குறைக்கிற அந்தக் குழுவில் சேர்ந்தாள். எதையும் விடவேண்டாம், எல்லாவற்றையும் தின்னலாம், எண்ணித் தின்றால் போதும். ஒரு நாளைக்கு இத்தனை பாயிண்ட், அதற்குள் உன் விருப்பம். வாராவாரம் எடையை அனுப்பவேண்டும். சேரும்போது செயலி வரிசையாகக் கேள்வி கேட்டது, வயது, உயரம், உட்கார்ந்த வேலையா, பிறகு: நீங்கள் தாய்ப்பால் கொடுப்பவரா? ஆம் என்றால் தினத்துக்குப் பத்துப் பாயிண்ட்டுக்கு மேல் கூடக் கிடைக்கும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. பிள்ளை அப்போது மடியில்தான் இருந்தான், பால் குடித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் இல்லை என்பதைத் தொட்டாள். ஏன்? இந்தக் கேள்வியை மூன்று நாளாக முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பத்து, நோஞ்சான்களுக்குக் கொடுக்கிற சலுகைபோலத் தோன்றியது. கான்வென்ட்டில் சலுகை கேட்கிறவளைச் சிஸ்டர் புருவத்தைத் தூக்கிப் பார்ப்பார், அந்தப் புருவம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உண்மை அதைவிடக் கேவலமானது. பத்து கூடினால் எடை மெதுவாகக் குறையும். கிளாட்வின் கப்பல் இறங்குவதற்குள் அவளுக்குக் குறையவேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

முன்னால் கைதட்டல் கேட்டது. ஒரு பிள்ளை இறங்கியது, வரிசை ஓரடி நகர்ந்தது, மாமி குனிந்து ஓலைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள், ஒருமுறைகூட அவளைத் தூக்கச் சொல்லவில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் பாலன் இயேசுவைக் கையிலேந்திய அந்தோணியார். குழந்தை இயேசு நல்ல கொழுத்த குழந்தை, தொடையில் மூன்று மடிப்பு. நாலாம் வகுப்பில் டிசம்பர் மாதம் முழுக்க வகுப்பின் மூலையில் வெறும் அட்டைத் தொட்டில் ஒன்று இருக்கும். ஒரு பிள்ளை ஒரு ஒறுத்தல் செய்தால், அதாவது தனக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்தால், ஒரு வைக்கோலை எடுத்து அதில் போடலாம். கிறிஸ்துமஸ் அன்று பாலன் அதில்தான் படுப்பார். உங்கள் ஒறுத்தல்தான் பிள்ளைகளா அவருக்கு மெத்தை, குறைவாகப் போட்டால் முதுகு குத்தும் என்பார் சிஸ்டர். குளிரில் ஒரு குழந்தையின் முதுகு குத்துவதை நினைத்து ஒன்பது வயதுப் பெனிட்டா டிபன் டப்பாவின் ஆம்லெட்டைத் தினமும் காகத்துக்குப் போட்டாள், தண்ணீரைக்கூட இடைவேளை வரைக்கும் தள்ளிப்போட்டாள். அவள் போட்டதுபோல் யாரும் போடவில்லை. கடைசி வாரம் காலைக் கூட்டத்தில் கால் மடங்கி விழுந்தாள். சிஸ்டர் தானே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தி குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார், கொடுத்துவிட்டு அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். அந்த விரலின் குளிர்ச்சி இன்னும் இருக்கிறது. வாழ்க்கையில் ஒருமுறையாவது நல்லவளாக இருந்தோம் என்றால் அந்தக் கட்டிலில்தான். அதனால்தானோ என்னவோ, செயலியில் நாள் முடியும்போது மீதமாகிற பாயிண்டை அவள் வீணாக விடவில்லை. இன்றைக்கு ஆறு மிச்சம், இது ஆன்சலுக்கு. இன்றைக்கு எட்டு மிச்சம், ஆன்சல் நல்லா எடை போடணும் அந்தோணியாரே. படுக்கும்முன் கண்ணை மூடி, ஒவ்வொரு வைக்கோலாகப் போட்டாள். பசிக்கப் பசிக்க மெத்தை உயர்ந்தது. மெத்தையின்மேல் கிடந்த பிள்ளை என்ன ஆனான் என்று எட்டிப் பார்க்கவில்லை.

இதை யாரிடம் சொல்வது? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு என்னவென்று ஆரம்பிப்பது? சாமி, நான் நற்கருணைக்குப் பாயிண்ட் தேடினேன். ஆம், அதையும் செய்தாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பி, தலைகுனிந்து, எல்லாரும் ஜெபிக்கிறார்கள், இவள் நாக்கில் கரைகிற அப்பத்துக்கு எண் என்னவாக இருக்கும் என்று யோசித்தாள். வீட்டுக்கு வந்து தேடினாள். இல்லை. கடைசியில் பிஸ்கட், சிறியது, பாதி என்று போட்டாள், போட்ட கையோடு அழித்தாள், அழித்தபின் அந்த அரை பாயிண்டை மறைத்த குற்றம் உறுத்தி மறுபடி போட்டாள். நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு பெண் இப்படி ஒரு கதையைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். புட்டுக் கதையும் அப்படித்தான். பால்சுறா தின்றால் பால் ஊறும் என்று மாமி விடியுமுன் மீன் ஏலக்கூடத்துக்குப் போய், ஆண்கள் கூட்டத்துக்குள் புகுந்து, சண்டை போட்டுச் சுறா வாங்கி வருவாள். அவித்து, முள் எடுத்து, தோல் உரித்து, பிசைந்து, வெங்காயம் பூண்டு வதக்கி, சுடச்சுடப் புட்டாக்கித் தட்டில் போட்டு, நின்று தின்ன வைக்காமல், மருமகள் வெட்கப்படுவாள் என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த மரியாதைதான் பெனிட்டாவுக்கு வசதியாகப் போயிற்று. புட்டு, தேங்காயெண்ணெயோடு, ஒரு தட்டு ஒன்பது. சன்னலுக்கு வெளியே சுவரோரம் பழுப்புப் பூனை ஒன்று முதல் நாள் தற்செயலாக வந்தது, இரண்டாம் நாளிலிருந்து நேரம் தவறாமல் வந்தது. மாமி தட்டை எடுக்க வரும்போது, நல்லா இருந்துச்சா மக்கா என்று கேட்பாள், தட்டு சுத்தமாக இருப்பதைப் பார்த்து அவள் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்கு என்ன பாயிண்ட்? அந்தத் தட்டைக் கழுவுகிற மாமியின் விரலில் சுறாத்தோல் கீறிய சிராய்ப்பு இருக்கும். பூனை இப்போது சுவரேற மூச்சு வாங்குகிறது.

ஆனால் இதெல்லாம்கூட அந்தக் கழித்தலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அதற்கு வராமல் மனசு இவ்வளவு நேரம் ஆம்லெட்டையும் அப்பத்தையும் சுற்றிக்கொண்டு வந்தது; இப்போது வந்துவிட்டது. வீட்டில் கண்ணாடி எடைப்பலகை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். ஆன்சலைக் கீழே விட்டால் வீறிட்டுக் கத்துவான். கைப்பழக்கம், தூக்கித் தூக்கியே கெட்டுப்போனான் என்று நினைத்தாள். பசி என்று தோன்றவில்லை. ஆகவே அவனைத் தூக்கிக்கொண்டே ஏறி நிற்பாள். வருகிற எண்ணில் பிள்ளையின் எடையைக் கழித்தால் தன் எடை. பிள்ளையின் எடை? தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எந்த மாதம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று பச்சைக்கோடு ஒன்று மேலேறிப் போகிறது, அதைப் பார்த்து அந்த மாதத்துக்கு உள்ளதைக் கழித்தாள். ஐந்தே முக்கால், ஆறரை, ஏழு, ஏழேகால். கணக்கில் அவள் எப்போதும் முதல். கழித்துக் கிடைத்ததைக் குழுவுக்கு அனுப்பினாள். அங்கே கை தட்டுகிற படங்கள், இதயங்கள், பூக்கள். குழுவை நடத்துகிற மேடம் குரலிலேயே வாழ்த்தி அனுப்பினார், இந்த வார நட்சத்திரம் நம்ம பெனிட்டா, சிசேரியன் ஆன உடம்பை வைத்துக்கொண்டு சாதித்திருக்கிறார் பாருங்கள் தோழிகளே என்று. மாமி பிள்ளை எடை எவ்வளவு என்று கேட்டபோதும் ஆஸ்பத்திரியில் நிறுத்ததுபோல அந்தப் பச்சைக்கோட்டையே சொன்னாள். போன சனிக்கிழமை மாமி பிள்ளையை முற்றத்தில் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கை காலியாக இருந்தது. சும்மா, ஒரு ஆசைக்கு, தனியாகப் பலகையில் ஏறினாள். அனுப்பி வைத்த எண்ணைவிட இரண்டு கிலோ கூட. இறங்கி ஏறினாள். அதேதான். ஐயோ, கூடிப்போயிற்றே என்று பயந்தாள். மத்தியானச் சோற்றை விட்டாள். இதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. முதலில் வந்த பயம் தனக்காக வந்தது. சாயங்காலம் பிள்ளை மார்பில் வாய் வைத்து, இழுத்து, விட்டு அழுது, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு கரும்பலகையில் யாரோ எழுதியதுபோல அந்தக் கணக்கு கண்முன்னால் தலைகீழாகத் திரும்பியது. அந்த இரண்டு கிலோ தன் உடம்பிலிருந்து போகவே இல்லை. அது அவனிடம் இருந்திருக்கவேண்டியது. இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கழித்தாளே, அது. அத்தனை பேரும் கைதட்டியது பிள்ளைக்குக் குறைந்ததற்கு.

"சலேத்து, ஒம் மருமவ நல்லா மெலிஞ்சிட்டாளே, பிள்ளைக்குப் பால் இருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டது பக்கத்துத் தெருக் கித்தேரியக்கா. கேள்வி மாமிக்கு. கேட்டபடியே கண் மட்டும் பெனிட்டாவின் நெஞ்சில் நின்றது. செயலி கேட்ட அதே கேள்வி, கொஞ்சம் வேறு வாயில். மாமி சட்டென்று, அதெல்லாம் இருக்கு, என் கையால பால்சுறாவா ஆக்கிப் போடுதேன், ஊறாம எங்க போகும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பிள்ளையின் சட்டையைப் பார்த்து, இந்த வேக்காட்டுல எதுக்குளா கம்பளிச் சட்டை என்று கேட்டாள். தும்மினான் மாமி என்றாள் பெனிட்டா. தும்மவில்லை. கம்பளிச் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை, நனைந்தும் மாற்றாத துணி, கிளாட்வின் வாங்கி வந்த கெட்டி வெள்ளிக் கொலுசு, அரைஞாணில் கோர்த்த சாவிபோன்ற வெள்ளித் தாயத்து. காலையில் உடுத்தும்போது ஒவ்வொன்றையும் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தே உடுத்தினாள். இரண்டு கிலோவை உடுப்பால் ஈடுகட்டப் பார்க்கிற தாய். பிள்ளையின் கழுத்து மடிப்பில் வேர்வை கோத்து நின்றது, அழவில்லை, அழுவதற்கும் வலு வேண்டுமோ என்னவோ என்று தோன்றியது. முன்னால் அந்தக் கொழுத்த பிள்ளை ஏறியது. வாழைக்குலை போதாமல் இன்னொரு சீப்பு வைத்தார்கள், கூட்டம் ஆரவாரமாய்ச் சிரித்துக் கைதட்டியது, அதன் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெட்கப்பட்டாள். அப்படியும் ஒரு வெட்கம் இருக்கிறது.

தராசைப் பார்த்துக்கொள்கிறவர் மிக்கேல் உபதேசியார். பிள்ளையைக் கை நீட்டி வாங்கியவர் அப்படியே நின்று, உடுப்பெல்லாம் கழற்றுங்கம்மா, வெறும் மேனியாத்தான் ஏத்தணும், அதுதான் இங்க முறை என்றார். பெனிட்டாவின் விரல்களுக்குப் பொத்தான் அகப்படவில்லை. மாமிதான் கழற்றினாள், கம்பளி, உள்சட்டை, கொலுசு, துணி. ஒவ்வொன்றாகப் பெனிட்டாவின் கையில் குவிந்தது, கை கனத்தது. அரைஞாண் மட்டும் மிஞ்சியபோது அது இடுப்பில் தொளதொளவென்று கிடந்தது. பிள்ளையின் தொடையில் தோல் மெல்லிய துணிபோலச் சுருங்கி இருந்தது. மண்டபத்து வெளிச்சத்தில் விலா தெரிந்தது. வீட்டுக்குள் இது தெரியவில்லையா, தெரிந்ததா, தெரிந்தும் நீளவாக்கு என்ற சொல்லை அதன்மேல் போர்த்தினோமா? உபதேசியார் பிள்ளையைப் பலகைமேல் விரித்த துணியில் கிடத்தினார். மாமி ஓலைப்பெட்டியிலிருந்து கருப்பட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றி, மறு தட்டில் அடுக்கினாள். உபதேசியார் கையை எடுத்தார். கருப்பட்டித் தட்டு சடக்கென்று இறங்கித் தரையில் இடித்தது. ஆன்சல் மேலே போனான். எல்லாருடைய தலைக்கும் மேலே, கயிறு சுழல, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பயந்து, சத்தமே இல்லாமல்.

கயிறு சிக்கிக்கொண்டது என்று நினைத்து உபதேசியார் உத்தரத்தைப் பார்த்தார், கொக்கியை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கருப்பட்டியை எடுத்தார். தட்டு அசையவில்லை. இன்னொன்று. இன்னொன்று. எடுத்ததைத் தரையில் வைக்கக்கூடாது என்று மாமி முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்று விழும்போதும் முந்தானை தாழ்ந்தது. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். பிள்ளை இறங்குவதாக இல்லை. பெனிட்டாவுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பாலன் இயேசுவின் தொடையில் வைத்தாள், அங்கேயும் வைக்க முடியவில்லை. முந்தானை நிறைந்தபிறகுதான் தட்டு தரையை விட்டது, ஆடியது, நின்றது.

கித்தேரியக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். குரலில் நிசமான பரிவு இருந்தது. "ஈரக் கருப்பட்டியா இருக்கும் சலேத்து. அந்தக் கடைக்காரன் எடையில ஏமாத்திட்டான், வேறொண்ணும் இல்ல."

ஏமாற்றுகிற கடைக்காரன் எடையைக் கூட்டியா கொடுப்பான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. உபதேசியார் தலையாட்டினார், இப்போ எல்லாம் கலப்படம்தான் என்றார். அந்தக் கருப்பட்டிக் கடைக்காரரைப் பெனிட்டாவுக்குத் தெரியும், நேர்ச்சைக்கு என்றதும் ஒரு கருப்பட்டி கூடவே போட்டு, பிள்ளைக்கு என் பங்கு என்றவர். ஒன்றும் சொல்லவேண்டாம். சும்மா இருந்தால் போதும். இந்தச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டால் நாளைக்கு யாரும் அறியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பவுடர் பால் வாங்கலாம், மெல்ல மெல்ல ஏற்றிவிடலாம். மாமி, முந்தானை நிறையக் கருப்பட்டியோடு, அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவளும் அந்தக் கடைக்காரரை நம்பத்தான் பார்க்கிறாள், முடியவில்லை, நீயாவது ஏதாவது சொல்லேன் என்பதுபோல ஒரு பார்வை. தட்டு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை.

"கடைக்காரர் இல்ல மாமி" என்றாள் பெனிட்டா. குரல் தன்னுடையதாக இல்லை, வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பிள்ளையின் குரலாக இருந்தது. "நான்தான். அவனை நான் நிறுத்தே பாக்கல. அட்டையில இருந்ததைச் சொன்னேன். பால் பத்தல அவனுக்கு. நான் மெலியணும்னு சாப்பிடாம இருந்தேன்."

"புட்டு?"

"பூனைக்குப் போட்டேன்."

மாமி முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். "அது குட்டி போடப் போகுதுன்னுல்லா நான் நெனச்சேன்" என்றாள் பிறகு, சிரிக்காமல், யாரையும் பார்க்காமல். பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து இருமலாக்கினாள். கித்தேரியக்கா அடப்பாவி என்று முனகியது காதில் விழுந்தது, அது மண்டபம் முழுக்க வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போவதும் கேட்டது, என்னவாம், என்னவாம், பிள்ளையப் பட்டினி போட்டாளாம். ஆம், அப்படித்தான் சொல்வார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. உபதேசியார் பிள்ளையை இறக்கி மாமியிடம் கொடுக்கப் போனவர், மாமிக்குக் கை இல்லாததால் பெனிட்டாவிடம் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். கழித்த கருப்பட்டியைக் கோயிலிலேயே விட்டுவிடுங்கள், நேர்ந்தது வீட்டுக்குத் திரும்பக்கூடாது என்றார்.

"வீட்டுக்குப் போகாது" என்றாள் மாமி. "இங்கேயே போகும்."

பக்கவாட்டுப் படிக்கட்டில், கடல் பார்த்த பக்கம், நிழலில் அவளை உட்கார்த்தினாள். முந்தானையை அவிழ்த்துக் கருப்பட்டிகளைப் பெனிட்டாவின் சேலை மடியில் கொட்டினாள். மடி கனத்தது. ஒரு பிள்ளை தலை வைத்துப் படுத்ததுபோல அப்படி ஒரு கனம். மாமி ஒன்றை எடுத்துப் படிக்கல்லில் ஓங்கி அடித்து உடைத்தாள். அடித்த அடியில்தான் கோபம் இருந்தது.

"அவனுக்குக் குறைஞ்சது இம்புட்டு. இது உன் வழியாத்தான் அவனுக்குப் போய்ச் சேரணும். நாளைக்கு டாக்டர்ட்ட போவோம், என்ன ஏச்சு ஏசுனாலும் வாங்குவோம். இப்பத் தின்னு."

வாயில் வைத்தாள். முதலில் கல்போல இருந்தது, பிறகு ஓரம் கரைந்து, புகையும் பனையும் லேசான மணலும் நாக்கில் இறங்கி, கன்னத்தின் அடியில் சுரீர் என்று எச்சில் ஊறியது. மூன்று என்று எண் வந்தது. அது வரத்தான் செய்யும், அதைக் கூப்பிட வேண்டியதில்லை. பெரிய துண்டு, நான்கு. கைப்பைக்குள் போன் நடுங்கியது, செவ்வாய்க்கிழமை, எடை அனுப்புகிற நாள், மேடம் ஞாபகப்படுத்துவார், தோழிகளே என்பார். நடுங்கி நடுங்கி அதுவாக ஓய்ந்தது. மாமி சம்படத்தைத் திறந்தாள். குழையக் குழையப் பிசைந்த பருப்புச்சோறு, விரல்நுனியில் கொஞ்சம் எடுத்து, அந்தோணியாரே என்று சொல்லி, ஆன்சலின் உதட்டில் வைத்தாள். அவன் முகத்தைச் சுளித்தான், நாக்கால் வெளியே தள்ளினான், தள்ளியது என்னவென்று யோசித்ததுபோல ஒரு கணம் நின்றான், உள்ளே இழுத்துக்கொண்டான். விழுங்கினான். வாயைத் திறந்தான். மாமி இன்னும் கொஞ்சம் வைத்தாள். திறந்தான். வைத்து விரலை எடுப்பதற்குள் மறுபடி திறந்தான், கழுத்தை நீட்டி, கண்ணை மாமியின் விரலை விட்டு எடுக்காமல், அந்த விரல் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு. முதல் நாளுக்கு அவ்வளவுதான் கொடுக்கலாம் என்று மாமி சம்படத்தை மூடினாள். அப்போதும் அவன் வாயை மூடவில்லை.

"பசிச்சிருக்கு" என்றாள் மாமி. கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெனிட்டா பிள்ளையை மார்போடு சேர்த்து முந்தானையால் மூடினாள். அவன் இழுத்தான், விட்டு அழுதான், மறுபடி இழுத்தான். உள்ளே மண்டபத்தில் அடுத்த பிள்ளைக்குக் கைதட்டினார்கள். பால் வருகிறதா என்று தெரியவில்லை. வரும் என்று யாரும் சொல்லவுமில்லை. மடியைத் துழாவி இன்னொரு துண்டை, யாரும் சொல்லாமல், தானே எடுத்து வாயில் போட்டாள். படியேறிப் போகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பார்த்துவிட்டு, தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். வெட்கம் போகவில்லை. அதோடேயே மென்றாள்.